‘வேண்டும்’ என்பது யார் மேல்? ஆங்கில மோடல் வினைகளும் கும்மிடிப்பூண்டித் தொழிற்கூடங்களும்

கேள்வி

சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கும்மிடிப்பூண்டி. அங்கே கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி சிப்காட் வளாகம்: இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வேதிப்பொருள் ஆலைகள், வாகன உதிரிபாகக் கூடங்கள். மாவட்டத்தின் வேறு பக்கங்களில் தேர்வாய்க்கண்டிகையும் காக்களூரும். இந்த ஆலைகளில் பொருள் உற்பத்தியாவதுபோலவே நாள்தோறும் வாக்கியங்களும் உற்பத்தியாகின்றன. இயந்திரத்தை இயக்கும் முறைகளைச் சொல்லும் எஸ்.ஓ.பி., வெல்டிங் வேலைக்கும் தொட்டிக்குள் இறங்குவதற்கும் தரப்படும் பெர்மிட், ஷிப்ட் தொடக்கத்தில் வாசிக்கப்படும் பாதுகாப்புக் குறிப்பு, நிலையாணைகள், மெமோ, விபத்து விசாரணை அறிக்கை. இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழில் விளக்கப்பட்டு, தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களால் நிறைவேற்றப்படுகிறது.

இந்த வாக்கியங்களின் சுமையைத் தாங்குபவை சில சிறிய சொற்கள்: ‘ஷல்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’, ‘கேன்’, ‘குட்’, ‘நீட் நாட்’. பள்ளி இலக்கணத்தில் மோடல் வினைகள் என்று படித்தவை. இவற்றைச் ‘சரியாக’ப் பயன்படுத்துவது என்றால், ஒரு தொழிற்கூடத்தில், என்ன பொருள்? அதுவே இக்கட்டுரையின் கேள்வி.

வகுப்பறை இதற்கு அழுத்தம், மரியாதை என்ற இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. ‘மஸ்ட்’ அழுத்தமானது, ‘ஷுட்’ மென்மையானது, ‘குட்’ பணிவானது. ஆலைக்கு இவை போதா. அங்கே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் மோடலைத் தேர்ந்தெடுக்க முடியும்: கடமை யாருடையது? வாக்கியம் கடமையைச் சொல்கிறதா, ஊகத்தைச் சொல்கிறதா? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாததே பாதுகாப்புக் குறிப்புகள் பலிக்காததற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். இந்த மூன்றையும் முடிவு செய்யாமலே எழுத உட்காருபவரின் பொறுப்பு அதைவிடப் பெரியது என்பதே என் வாதம்.

சட்டங்கள், தரநிர்ணய விதிகள், இலக்கண ஆய்வுகள் ஆகியவையே இங்கு சான்றுகள். உதாரணமாக வரும் அறிவிப்பு, அறிக்கை வாக்கியங்கள் ஆய்வுக்காக நான் அமைத்தவை. எந்த ஆலையின் ஆவணத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.

இதுவரையான புரிதல்கள்

தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் ஆங்கில இலக்கணத்தை ரென் அண்ட் மார்ட்டின் நூலின் வழியாகப் படித்தன. 1930-களில் வெளிவந்த அந்த நூலில் ‘ஷல்’, ‘வில்’ பற்றிய பழைய விதி உண்டு. தன்மையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலம்; முன்னிலையிலும் படர்க்கையிலும் அது கட்டளை அல்லது உறுதிமொழி. ஜான் வாலிஸ் 1653-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் வேர்கொண்ட விதி இது. நடைமுறை ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. 1961, 1991 ஆண்டுகளின் எழுத்துத் தொகுப்புகளை ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஆட்’ போன்றவற்றின் பயன்பாடு குறைந்துவருவதைக் காட்டினார். ஆக, மனப்பாடம் செய்த விதி ஒருபுறமும் வேலையில் எதிர்ப்படும் ஆங்கிலம் மறுபுறமும் நிற்கின்றன. இந்தியச் சட்டமும் தரநிர்ணயமும் மட்டும் ‘ஷல்’லை இறுகப் பிடித்திருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்து ஆலைக்குள் நுழையும் இளைஞருக்கு அந்த ‘ஷல்’லை யாரும் அறிமுகப்படுத்தியிருப்பதில்லை.

மொழியியலாளர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். எஃப். ஆர். பாமர் மோடல் பொருளை மூன்றாகப் பிரித்தார்: அறிவு சார்ந்தது (நடந்திருக்கும், நடக்கக்கூடும் என்ற ஊகம்), கடமையும் அனுமதியும் சார்ந்தது, இயலும் தன்மை சார்ந்தது. ஏஞ்சலிகா க்ராட்ஸர் 1977-இல் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமாகச் சென்றது. ‘மஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் இல்லை. அதன் பின்னணியில் நாம் வைப்பது சட்டமா, நமக்குத் தெரிந்த தகவல்களா என்பதே பொருளை மாற்றுகிறது என்றார் அவர். தமிழைப் பொறுத்தவரை, தாமஸ் லேமன் 1989-இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் ‘வேண்டும்’, ‘கூடும்’, ‘-லாம்’, ‘முடியும்’ ஆகியவற்றின் பணிகளை விரிவாக விளக்குகிறது. ஒரே வடிவம் பல வேலை செய்யும் என்பது நம் மரபுக்குப் புதிதும் இல்லை. வியங்கோள் ஒன்றே வாழ்த்தவும், வையவும், விதிக்கவும், வேண்டவும் பயன்படும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். விதித்தலும் வேண்டலும் ஒரே விகுதிக்குள் அடங்கியிருப்பதை இலக்கண ஆசிரியர்கள் அன்றே கவனித்தார்கள்.

தரநிர்ணய உலகம் இந்தப் பன்மையை வெட்டியெறிய முயன்றது. ஐ.எஸ்.ஓ.வின் வரைவு விதிகளின்படி ‘ஷல்’ என்றால் நிபந்தனை. நிறைவேற்றாவிட்டால் தரம் எட்டப்படவில்லை. ‘ஷுட்’ பரிந்துரை. ‘மே’ அனுமதி. ‘கேன்’ சாத்தியமும் திறனும். ‘மஸ்ட்’ நாட்டின் சட்டம், இயற்கை விதி போன்ற வெளிக் கட்டாயங்களைக் குறிக்க மட்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பின்னிணைப்புகளும் இப்படியே நடக்கின்றன. தரநிலை வாக்கியத்தில் ‘ஷல்’, பரிந்துரை வாக்கியத்தில் ‘ஷுட்’. சிப்காட்டில் தரச்சான்றுப் பலகையைத் தொங்கவிட்டிருக்கும் ஒவ்வோர் ஆலையும் இந்த அகராதிக்குக் கட்டுப்பட்டது. தணிக்கையாளர் ‘ஷல்’ உள்ள இடத்தில்தான் குறை எழுதுவார்; ‘ஷுட்’ உள்ள இடத்தில் ஆலோசனை சொல்வதோடு நிற்பார்.

நீதிமன்றங்களோ சொல்லை மட்டும் நம்புவதில்லை. தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய அரசமைப்புச் சட்டத்தின் 320(3)(இ) பிரிவில் ‘ஷல்’ இருந்தும், அதை மீறியதாலேயே அரசின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் மன்போதன் லால் வழக்கில் தீர்ப்பளித்தது. ஜோகேந்திர சிங் வழக்கில் நடந்தது நேர்மாறு. அரசிதழ்ப் பதிவு பெற்ற ஊழியர் கோரினால் அவருடைய வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்ற உத்தரப் பிரதேச விதியில் ‘மே’தான் இருந்தது. கோரினால் அனுப்பியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் அதைப் படித்தது. வெளிநாட்டிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 1996-இன் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் கடமைகளைச் சொல்ல ‘ஷல்’லை விட்டு ‘மஸ்ட்’டைத் தேர்ந்தது. அமெரிக்க சிவில் நடைமுறை விதிகள் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோது ‘ஷல்’ நீக்கப்பட்டது. முழு விசாரணை இன்றியே தீர்ப்பு வழங்கும் 56-ஆம் விதியில் அதற்குப் பதிலாக ‘ஷுட்’ வைத்தார்கள். பொருள் நழுவுவதாகச் சிக்கல் எழ, 2010-இல் அந்த ஓரிடத்தில் ‘ஷல்’ திரும்பி வந்தது.

மூன்று தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஐ.எஸ்.ஓ. அகராதி அதை அறிந்த வாசகருக்கு மட்டுமே வேலை செய்யும். நீதிமன்றத்தின் நோக்கம் பார்த்துப் பொருள்கொள்ளும் முறை, விபத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து நடப்பது. உலை முன் நிற்பவருக்கு அந்த நேரத்தில் பொருள் தெரிந்தாக வேண்டும்.

உலை முன் ஒரு ‘ஷுட்’

இரும்புக் கழிவை உருக்கும் இண்டக்‌ஷன் உலையை எடுத்துக்கொள்வோம். கழிவில் ஈரம் இருந்தாலோ, மூடிய உருளையோ குழாயோ கலந்திருந்தாலோ உலைக்குள் பேராபத்து. உருகிய உலோகத்துக்குள் அகப்படும் நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. மேலே இருக்கும் திரவ இரும்பை அது வாரி இறைக்கும். ஆகவே உலையில் போடுவதற்கு முன் கழிவைச் சோதிப்பது உயிர் காக்கும் வேலை. இதைச் சொல்லும் எஸ்.ஓ.பி. வாக்கியத்தில் ‘ஷுட் பி செக்டு’ என்று எழுதுவது மிக இயல்பாக நம் கைக்கு வரும்.

ஏன் வருகிறது? பள்ளியில் ‘வேண்டும்’ என்பதற்கு ‘ஷுட்’, ‘கூடாது’ என்பதற்கு ‘ஷுட் நாட்’ என்று இணைகளாகப் பழகிவிட்டோம். ‘மஸ்ட்’ அதட்டுவதுபோல் ஒலிக்கிறது. மேலதிகாரிக்குப் போகும் தாளில் அதட்டல் எதற்கு என்று தோன்றுகிறது. தமிழின் ‘வேண்டும்’ இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ‘கழிவைச் சோதிக்க வேண்டும்’, ‘தினமும் நடக்க வேண்டும்’, ‘நாளைக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும்’ மூன்றும் ஒரே வடிவம். எது கட்டாயம், எது நல்ல பழக்கம் என்பதைச் சூழல் சொல்லிவிடும். எழுதுபவரின் மனதில் இருப்பது கட்டாயமான ‘வேண்டும்’. தாளில் இறங்குவது பரிந்துரையான ‘ஷுட்’. தணிக்கையாளரும் காப்பீட்டுக்காரரும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் அந்தத் தாளை ஐ.எஸ்.ஓ. அகராதியோடு படிப்பார்கள். ஈரக் கழிவைச் சோதிப்பது இந்த ஆலையில் ஓர் ஆலோசனை என்றே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தமிழில் படிநிலை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ‘சோதித்தாக வேண்டும்’, ‘சோதித்தே ஆக வேண்டும்’ என்று கட்டாயத்தை இறுக்க நமக்கு வழி உண்டு. ‘சோதிப்பது நல்லது’ என்று பரிந்துரையைத் தனியே வைக்கலாம். பேச்சில் இந்த வேறுபாட்டை நாம் தவறவிடுவதே இல்லை. அறிவிப்பு எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே ‘வேண்டும்’ என்ற பொதுநடைக்குள் தள்ளிவிடுகிறோம். ஆங்கில எஸ்.ஓ.பி.யில் ‘ஷல்’லும் ‘ஷுட்’டும் ஒழுங்காகப் பிரித்து எழுதப்பட்டிருந்தாலும், தமிழ்ப் பலகைக்கு வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

இறந்தகாலத்தில் தலைகீழாகும் பொருள்

நிகழ்காலத்தில் அழுத்தம் மட்டும் மாறுகிறது. இறந்தகாலத்தில் உண்மையே தலைகீழாகிறது. இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. மோடல் பற்றிய பாடங்களில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும் விசாரணை அறிக்கைகளில் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இதுதான்.

ஒரு வாக்கியம்: ‘ஆபரேட்டர் மெயின் சுவிட்சை ஆஃப் செய்திருக்க வேண்டும்.’

இதற்கு இரண்டு பொருள். முதலாவது, ஆஃப் செய்வது அவர் கடமை, அவர் செய்யவில்லை. இரண்டாவது, நாம் பார்த்த தடயங்களை வைத்துச் சொன்னால் அவர் ஆஃப் செய்துவிட்டார் என்றே தெரிகிறது. ஒன்றில் சுவிட்ச் ஆனில் இருந்தது. மற்றொன்றில் ஆஃபில் இருந்தது. ஒன்று அவர்மீது குற்றம் சாட்டுகிறது. மற்றொன்று அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஷுட் ஹேவ்’, இரண்டாவது ‘மஸ்ட் ஹேவ்’. இரண்டுக்கும் தமிழில் எழுத்து மாறாத ஒரே வாக்கியம்.

பேச்சில் குழப்பம் வருவதில்லை. ‘ஆஃப் பண்ணியிருக்கணும்ல?’ என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. ஊகத்தைச் சொல்ல நாம் பெரும்பாலும் ‘பண்ணியிருப்பார்’ என்று எதிர்கால வடிவத்தையே எடுக்கிறோம். ‘இருக்க வேண்டும்’ என்று ஊகத்தை எழுதுவது பத்திரிகை நடையிலிருந்து வந்த பழக்கம். ‘நள்ளிரவில் இறந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது’ என்பது போன்ற வாக்கியங்களில் அதைப் பார்க்கலாம். எழுத்துத் தமிழ் இந்த இரண்டையும் கலந்துவிட்டது.

உடன் வேலை செய்தவர் தமிழில் சொல்கிறார். உள்விசாரணையில் அது எழுத்துத் தமிழாகிறது. தலைமையகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது ஆங்கிலமாகிறது. ‘அவர் ஆஃப் பண்ணிட்டுத்தான் போயிருப்பார்’ என்ற ஆதரவான சாட்சியம் ‘ஆஃப் செய்துவிட்டுச் சென்றிருக்க வேண்டும்’ என்றாகி, ‘ஷுட் ஹேவ் ஸ்விட்ச்டு ஆஃப்’ என்று முடிந்தால், நண்பரின் ஆதரவே அந்த ஆபரேட்டருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். இந்த மாற்றத்தில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் இலக்கணப்படி பிழையில்லாத ஒரு வாக்கியமே உருவாகிறது. இதனால்தான் இது கண்ணில் படுவதில்லை.

‘-லாம்’ சேர்ந்தாலும் இதே நிலை. ‘சூப்பர்வைசர் லைனை நிறுத்தியிருக்கலாம்.’ நிறுத்த வாய்ப்பிருந்தும் நிறுத்தவில்லை என்பது ஒரு பொருள். நிறுத்தினாரா என்பது நிச்சயமில்லை, நிறுத்தியிருக்கக்கூடும் என்பது இன்னொன்று. இங்கே ஆங்கிலமும் முழுத் தெளிவு தருவதில்லை. ‘மே ஹேவ்’ ஊகத்தை மட்டும் சொல்லும். ‘குட் ஹேவ்’ இரண்டு பக்கமும் சாயும். அறிக்கையில் ‘குட் ஹேவ்’ என்பதைத் தவிர்த்து, நிறுத்தும் வசதி அவரிடம் இருந்தது, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்று இரண்டு நேர் வாக்கியங்களாக எழுதுவதே பாதுகாப்பு. தமிழிலும் அப்படியே.

இதோடு சேர்ந்த சிறிய பிழை ஒன்று. ‘வால்வை மூட முடிந்தது’ என்றால் தமிழில் மூடியாயிற்று. அதை ‘குட் க்ளோஸ்’ என்று எழுதினால் மூடும் திறன் இருந்தது என்றே ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். மூடினாரா என்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை நடந்து முடிந்த செயலுக்கு ‘வாஸ் ஏபிள் டு’ வேண்டும். எதிர்மறையில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ‘குட் நாட் க்ளோஸ்’ என்றால் மூடவில்லை என்பதுதான்.

‘மே’யின் முகங்கள்

‘மே’ மென்மையான சொல் என்று கற்கிறோம். தொழிற்கூட ஆவணங்களில் அது குறைந்தது நான்கு வேலை செய்கிறது.

ஒன்று சாத்தியம், இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கலாம் என்ற எச்சரிக்கை. இரண்டு அனுமதி. மூன்றாவது, இந்திய அலுவலக ஆங்கிலத்துக்கே உரியது: ‘மே கைன்ட்லி பி ஃபர்னிஷ்டு’, ‘மே ப்ளீஸ் என்ஷ்யூர்’ போன்ற பணிவான கட்டளை. அரசு அலுவலகக் குறிப்புகளில் பிறந்த இந்த ‘மே’யில் விருப்பத்துக்கு இடமே இல்லை. மேலிடத்திலிருந்து வரும் கடிதத்தில் இருந்தால் அது உத்தரவு. ஒப்பந்ததாரர்கள் பாதுகாப்புக் கயிறு தருவதை உறுதிசெய்ய ‘மே’ என்று ஒரு சுற்றறிக்கை சொன்னால், இந்திய மேலாளர் அதை உத்தரவாகப் படிப்பார், ஐ.எஸ்.ஓ. அகராதியைக் கையில் வைத்திருப்பவர் விருப்பமாகப் படிப்பார். உயிர் தொடர்பான இடங்களில் இந்தப் பணிவைக் கைவிடுவதே சரி.

எதிர்மறையில் ஆங்கிலம் இன்னும் சறுக்குகிறது. பார்வையாளர்கள் ‘மே நாட் என்டர்’ என்றால் தடை. வால்வு ‘மே நாட் க்ளோஸ்’ என்றால் மூடாமல் போகும் சாத்தியம். தமிழ் இங்கே கூர்மையாக இருக்கிறது: ‘நுழையக் கூடாது’, ‘மூடாமல் போகலாம்’. இரண்டையும் யாராலும் குழப்பிக்கொள்ள முடியாது. ‘மஸ்ட் நாட்’, ‘நீட் நாட்’ வேறுபாடும் அப்படித்தான். ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்று நம்மிடம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பலகைகளில் நாம் ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘பூட்டை அகற்ற வேண்டாம்’ என்பதை மரியாதையான தடையாகவும் படிக்கலாம், அகற்றும் அவசியமில்லை என்றும் படிக்கலாம். பழுதுபார்க்கும்போது மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டும் இடத்தில் இந்த இரட்டைப் பொருளுக்கு இடம் தரவே கூடாது. தெலுங்கிலும் ‘வத்து’, ‘கூடது’, ‘அக்கர்லேது’ என்று இதே மூன்று நிலைகள் இருக்கின்றன. ஆரம்பாக்கம் தாண்டி வேலைக்கு வரும் ஆந்திரத் தொழிலாளிக்கு ‘கூடாது’ என்பதை விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படமாட்டார்.

நான்காவது ‘மே’ உரிமையைச் சொல்வது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

எழுவாய் எங்கே போனது

மோடலின் அழுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தொழிற்கூடத்தில் நிகழும் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்றாலும், இன்று ஆலைகளில் தொங்கும் பலகைகளும் நடைமுறை ஆவணங்களும் பழைய சட்டத்தின் நிழலில் எழுந்தவை.

அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தொட்டி, குழி, குழாய், புகைவழி போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றியது. நச்சுவாயு இருக்கக்கூடிய அத்தகைய இடத்துக்குள், வெளியேறும் வழியும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இல்லாமல், இறங்குமாறு எவரையும் பணிக்கவும் கூடாது, இறங்க எவரையும் அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ஒரே ‘ஷல்’ இரண்டு கதவுகளை அடைக்கிறது. ‘நான் இறங்கச் சொல்லவில்லை, அவராகவே இறங்கினார்’ என்று நிர்வாகம் தப்ப முடியாது, அனுமதித்ததும் குற்றமே. பணிப்பவர் யார், அனுமதிப்பவர் யார்? ஆலையை நடத்துபவர். கடமை முழுவதும் அவர் தலையில்.

இது பலகைக்கு வரும்போது என்ன ஆகிறது? ‘அனுமதியின்றி உள்ளே இறங்கக் கூடாது.’ ஆபத்தைச் சரியாகவே சொல்லும் வாக்கியம்தான். ஆனால் இறக்குபவர் மறைந்து இறங்குபவர் மட்டும் மிஞ்சுகிறார். சட்டத்தில் முதலாளியின் கடமையாக இருந்தது பலகையில் தொழிலாளியின் கடமையாகிவிட்டது. தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது இயல்பு. அந்த வசதியே இங்கே வழுக்குமரமாகிறது. ஆங்கிலத்திலும் ‘ஹெல்மெட்ஸ் ஷல் பி வோர்ன்’ என்ற செயப்பாட்டு வாக்கியம் இதே வேலையைச் செய்யும். அணிய வேண்டியவர் யார் என்று தெரியும். தர வேண்டியவர் யார்? இயங்கும் இயந்திரத்தின் அருகே வேலை செய்யும் பயிற்சி பெற்றவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று சொன்ன 22-ஆம் பிரிவு, அந்த உடையை ஆலையை நடத்துபவர் வழங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. 1984 போபால் பேரழிவுக்குப் பின், 1987 திருத்தத்தில் வந்த 7ஏ பிரிவு தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதிசெய்யும் பொதுக் கடமையை வெளிப்படையாகவே அவர்மீது வைத்தது.

தண்டனைப் பிரிவுகள் இந்தக் கனத்தை எண்ணில் காட்டின. பொதுவான மீறலுக்கு நிர்வாகத் தரப்புக்கு 92-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. தொழிலாளிக்கு 97-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். சட்டம் பொறுப்பை எந்த விகிதத்தில் பகிர்ந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. பலகைகளை மட்டும் படித்துப் பார்த்தால் விகிதம் தலைகீழாகத் தோன்றும். ஏறத்தாழ எல்லா ‘வேண்டும்’களும் தொழிலாளியையே பார்த்து நிற்கின்றன.

பலகை தொழிலாளி படிப்பதற்கானது, அதில் முதலாளியின் கடமை எதற்கு என்று கேட்கப்படலாம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பலகையில் இடம் குறைவு, நீளமான வாக்கியத்தை நடந்துபோகிறவர் படிக்கமாட்டார். ஆனால் தனக்கு எது வழங்கப்பட வேண்டும் என்று தெரியாத தொழிலாளி அதைக் கேட்கவும்மாட்டார். வாயு அளவு சோதிக்கப்படாத தொட்டியின் விளிம்பில் நிற்பவருக்கு, சோதித்துத் தருவது யார் பொறுப்பு என்று தெரிந்திருப்பதே முதல் பாதுகாப்பு. நீளம் பிரச்சினை என்றால் பெர்மிட் தாளிலாவது எழுவாய் இருக்கட்டும்.

பெரும்பான்மை மொழியும் நிறங்களும்

அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. நிலையாணைகளை வெளியிடுவது பற்றி 1946-இன் சட்டமும் அதையே சொன்னது. கும்மிடிப்பூண்டியில் அந்தப் பெரும்பான்மை மொழி ஆலைக்கு ஆலை, சில இடங்களில் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறக்கூடியது. உருக்காலைகளில் வட மாநிலத்தவர் நிறைந்திருக்க, வாயிற்பலகை தமிழில் இருக்கும் நிலை புதிதல்ல.

இந்தி சேரும்போது இன்னொரு சிக்கல். இந்தியில் ‘சாஹியே’ பெரும்பாலும் பரிந்துரைக்கும் பொருத்தத்துக்கும் உரியது. கட்டாயத்துக்கு ‘ஹோகா’, ‘படேகா’ உண்டு. தமிழ் ‘வேண்டும்’ என்பதைச் ‘சாஹியே’ என்று மாற்றினால் கட்டாயம் ஒரு படி இறங்கிவிடும். ஒரே பலகையில் ஆங்கிலம் ‘ஷல்’ என்றும், தமிழ் இரண்டுக்கும் பொதுவாகவும், இந்தி பரிந்துரையாகவும் பேசினால் மூன்று தொழிலாளர்கள் மூன்று விதிகளின் கீழ் வேலை செய்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமிலிருந்து வேலைக்கு வரும் ஈழத்தமிழர் தம் பேச்சில் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்பார்கள். அவர்களுக்குப் பலகைத் தமிழ் புரியும். ஆனால் ஷிப்ட் தொடக்கத்தில் அவர்கள் ‘இது ஏலாது’ என்று சொன்னால், முடியாது என்று மறுப்பதாக மட்டும் கொள்ளாமல் இயலாமையைத் தெரிவிப்பதாகவும் மேற்பார்வையாளர் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சொற்களை விட்டுவிட்டுப் படங்களை வைப்போம் என்பது பொறியாளர்களின் விடை. அது வலுவான விடை. சர்வதேசப் பாதுகாப்புக் குறியீடுகளில் நீல வட்டம் கட்டாயம், குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம் தடை, மஞ்சள் முக்கோணம் ஆபத்தின் சாத்தியம். ‘மஸ்ட்’, ‘மஸ்ட் நாட்’, ஊகத்தின் ‘மே’ ஆகிய மூன்றையும் நிறமும் வடிவமும் எந்த மொழியும் இல்லாமல் பிரித்துவிடுகின்றன. மொழிகள் திணறும் இடத்தில் இது பெரிய சாதனை. பரிந்துரைக்கு அங்கே நிறம் இல்லை என்பதும் நன்மைதான். உயிர் தொடர்பான இடத்தில் ‘ஷுட்’டுக்கு வேலை இல்லை. ஆனால் நீல வட்டத்துக்குள் ஹெல்மெட் அணிந்த ஒரு தலை மட்டுமே இருக்கிறது. அதை வாங்கித் தருபவரின் கை அந்தப் படத்தில் இல்லை. எழுவாயின் சிக்கலைப் படங்களும் தீர்க்கவில்லை.

உரிமையின் ‘மே’

கடைசியாக அந்த நான்காவது ‘மே’. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தத்தின்போது வந்த 41எச் பிரிவு உடனடி ஆபத்தைப் பற்றியது. அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலையில், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர்கள் அதை நிர்வாகத்தின் கவனத்துக்கு, நேரடியாகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ, கொண்டுவர‘லாம்’; அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்க‘லாம்’. அதற்கடுத்த வாக்கியம் ‘ஷல்’லுக்கு மாறுகிறது. ஆபத்து உண்மை என்று நிர்வாகம் கண்டால் உடனே சரிசெய்வதும், எடுத்த நடவடிக்கையை ஆய்வாளருக்கு அறிக்கையாக அனுப்புவதும் அதன் கடமை. தொழிலாளியின் ‘மே’தான் நிர்வாகத்தின் ‘ஷல்’லை எழுப்பிவிடுகிறது.

இதைத் ‘தெரிவிக்கலாம்’ என்று தமிழாக்கினால் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கருத்துப் பெட்டியில் சீட்டுப் போடலாம் என்பதுபோல் அது ஒலிக்கும். எவருடைய தயவும் இல்லாமல் தொழிலாளி செய்யக்கூடியது இது என்பதும், செய்தவுடன் எதிர்த்தரப்புக்குக் கடமை பிறக்கிறது என்பதும் ‘-லாம்’ விகுதியில் கேட்பதில்லை. இரண்டு தரப்பையும் பெயர் சொல்லி எழுதினால் கேட்கும்:

‘உயிருக்கு உடனடி ஆபத்து என்று நீங்கள் கருதினால், மேலாளரிடமும் அரசு ஆய்வாளரிடமும் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆபத்து உண்மை என்றால் நிர்வாகம் உடனே சரிசெய்தாக வேண்டும். என்ன செய்தது என்பதை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும்.’

இதன் கீழே ஆய்வாளர் அலுவலகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும், தெலுங்கு, இந்தி, ஒடியா வாசகங்களும் வர வேண்டும். அந்த மூன்று மொழிகளிலும் இதே இரண்டு எழுவாய்கள் நிற்கின்றனவா என்று பலகை மாட்டுவதற்கு முன்பே, அந்தந்த மொழி பேசும் தொழிலாளர்களிடம் வாசித்துக் காட்டிக் கேட்பது பாதுகாப்புக் குழுவின் கூட்டத்திலேயே முடிக்கக்கூடிய வேலை.